கணினியில் சிக்கிய குடும்ப ஏடுகள்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் ஒன்றுகூடும் தீவின்மேல் அமைந்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கம் என்று வைணவர் போற்றும் இவ்வூரிலும், அண்மையிலுள்ள மைசூரிலும், மாவட்டத் தலைநகராகிய மண்டியாவிலும், பிழைப்பையும் கல்வியையும் நாடி வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தம் குலத்தைப் பற்றித் தமிழில் எழுதிய ஏடு ஒன்றை அவர்கள் படிக்கக்கூடுமானால், அது பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ எழுதி வைத்ததாகவே இருக்கும்.

அத்தகைய ஏடுகளைக் காகிதத்தில் விட்டுவைத்தால் கறையான் அரிக்கும் என்று அஞ்சி, 1990-களின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் அவற்றைக் கணினியில் தட்டெழுதி வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. வம்சாவளி, ஊர்க் கடிதங்கள், திருமண அழைப்பிதழ், சங்க உறுப்பினர் பட்டியல், நன்கொடைக் கணக்கு முதலியன இவ்வாறு வேர்ட் கோப்புகளாயின. கறையானிடமிருந்து தப்பிய அவ்வேடுகள் இப்பொழுது வேறொரு வகையில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றுகிறது. அதனைத் தமிழாக்குவதற்கென்று அந்நாளில் எழுதிய மேக்ரோவை ஓட்டினால், அது ஓட மறுக்கிறது. அல்லது ஓடிவிட்டுத் தவறான தமிழைத் தருகிறது.

மேக்ரோ என்பது யாதெனில், நாம் கையால் பலமுறை செய்யவேண்டிய வேலையை வேர்ட் தானே செய்யுமாறு எழுதி வைக்கும் கட்டளைத் தொடர். ஓர் எழுத்தைத் தேடி மற்றோர் எழுத்தாக மாற்றுவதை ஆயிரம் முறை கையால் செய்வதைவிட, மேக்ரோவிடம் ஒப்படைத்துவிட்டுக் காப்பி அருந்துவது எளிது. அம்மேக்ரோ பழைய வேர்டிலிருந்து புதிய வேர்டுக்கு மாற்றப்படும்பொழுது பழுதாவது ஏன், பழுதை எங்கே தேடவேண்டும் என்பனவற்றை இங்கே கூற முற்படுகிறோம். மேக்ரோ எழுதப்பட்ட மொழி மாறினாலும், தமிழ் எழுத்தைப்பற்றி அது கொண்டிருந்த எண்ணம் மாறுவதில்லை. ஆகவே பழுது பெரும்பாலும் கட்டளையில் இராது; அந்தப் பழைய எண்ணத்திலேயே இருக்கும்.

மூன்று இடமாற்றங்கள்

நம் குடும்பங்களைப்போலவே இக்கோப்புகளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம் பெயர்ந்திருக்கின்றன.

முதலாவது, மேக்ரோவின் மொழி பெயர்ந்தது. வேர்டின் 6-ஆம் பதிப்பிலும் 95-ஆம் பதிப்பிலும் மேக்ரோக்கள் வேர்ட் பேசிக் என்னும் மொழியில் எழுதப்பட்டன. வேர்ட் 97 வந்தபொழுது அதனிடத்தில் விஷுவல் பேசிக் ஃபார் அப்ளிகேஷன்ஸ் என்னும் வி.பி.ஏ. மொழி அமர்ந்தது. பழைய மேக்ரோ உள்ள வார்ப்புருவைப் புதிய வேர்டில் திறந்தவுடன், வேர்ட் தானே அதனை மொழிபெயர்த்துக்கொண்டது. எவ்வாறெனில், பழைய கட்டளை ஒவ்வொன்றின் முன்னும் ‘வேர்ட்பேசிக்’ என்னும் சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்துவிட்டது. வெளியூர் சென்றவர் உடையை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய பழக்கங்களோடு வாழ்வதற்கு இஃது ஒப்பாகும்.

இரண்டாவது, வீடு பெயர்ந்தது. வேர்ட் 2007-இலிருந்து கோப்பின் வகை மாறிற்று. ‘டாக்எக்ஸ்’ என்று முடியும் புதிய கோப்பில் மேக்ரோவுக்கு இடமே இல்லை. மேக்ரோ வேண்டுமாயின் ‘டாக்எம்’ என்னும் வகையிலோ, வார்ப்புருவாயின் ‘டாட்எம்’ என்னும் வகையிலோ சேமிக்கவேண்டும். 2010-ஆம் ஆண்டு ஆபீஸ் தொகுப்பிலிருந்து 64 பிட் வகையும் வந்தது. 2019 பதிப்புமுதல் அதுவே இயல்பாக நிறுவப்படுகிறது.

மூன்றாவது, எழுத்தே பெயர்ந்தது. நமக்கு இதுவே தலையாயது. இலங்கைத் தமிழரிடையேயும் அவர்கள் குடியேறிய நாடுகளிலும் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருந்தனர். ‘ஜே, கே, பி, ஓ’ ஆகிய நான்கு சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் வரிசையாகத் தட்டினால், பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்குத் தெரியும். கணினியோ உள்ளே அதனை ஆங்கிலமென்றே எண்ணிக்கொண்டிருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்று ஆங்கில எழுத்துகள் வெளிப்படுகின்றன.

வேறு வேறு எழுத்துருக்கள் வேறு வேறு இடங்களில் தமிழை வைத்தமையால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை. இக்குறையைப் போக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. இணையத்தில் கூடிய தமிழன்பர்கள் திஸ்கி என்னும் முறையை வகுத்தனர். உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடில், 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று கைப்பேசியிலும் இணையத்திலும் நாம் காணும் தமிழ் இதுவே.

ஓடாத மேக்ரோ

மேக்ரோ ஓடவேயில்லை என்றால் அஞ்சவேண்டியதில்லை. அது கண்ணுக்குத் தெரியும் பழுது. முதலில் கோப்பு எவ்வகையில் சேமிக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். பழைய கோப்பை யாரேனும் டாக்எக்ஸாகச் சேமித்திருந்தால், அந்தப் படியில் மேக்ரோ இராது. பழைய மூலத்தை எடுத்து டாக்எம் ஆகச் சேமிப்பதே வழி.

அடுத்து, காவல். மேக்ரோவின் வழியே நச்சுநிரல் பரவுவது பழைய கதை. 1999 மார்ச்சில் மெலிஸா என்னும் நச்சுநிரல் வேர்ட் கோப்பினுள் ஒளிந்து மின்னஞ்சல்வழி உலகெங்கும் பரவியது. இத்தகைய தொல்லைகளை முன்னிட்டு, இணையத்தின் வழியாக வந்த கோப்புகளிலுள்ள மேக்ரோக்களை இயல்பாகவே தடுத்துவிடும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022-இல் கொண்டுவந்தது. உறவினர் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பும் இத்தடைக்குள் அகப்படும். கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்திப் ‘பிராப்பர்டீஸ்’ பகுதியில் ‘அன்பிளாக்’ என்பதைக் குறித்தால் தடை நீங்கும். ஆனால், எழுதியவர் இன்னார் என்று நாம் அறிந்த கோப்புக்கு மட்டுமே இதனைச் செய்யலாம். பிற கோப்புகளுக்கும் சேர்த்துக் காவலை அடியோடு எடுத்துவிடுவது, ஒருவரை உள்ளே விடுவதற்காகத் தெருக்கதவைக் கழற்றிவிடுவதற்குச் சமம்.

இதற்குப் பிறகும் ஓடவில்லையாயின், ஆல்ட் விசையோடு எஃப் 11 விசையை அழுத்தி மேக்ரோ எடிட்டரைத் திறந்து, ‘டீபக்’ பட்டியலிலுள்ள ‘கம்பைல்’ என்பதை அழுத்தவேண்டும். பிழையுள்ள வரியில் அது நின்றுவிடும். ‘டிக்ளேர்’ என்று தொடங்கும் வரியில் நின்றால், 64 பிட் வேர்டுக்கு ஏற்ப அவ்வரியில் ‘பீடிஆர்சேஃப்’ என்னும் சொல்லைச் சேர்க்கவேண்டும். அவ்வரியில் வரும் மாறிகளின் வகையையும் சரிபார்க்கவேண்டும். ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ரெஃபரன்ஸஸ்’ என்பதைத் திறந்து, ‘மிஸ்ஸிங்’ என்று குறித்தது ஏதேனும் இருப்பின், மேக்ரோ நம்பியிருந்த துணைநிரல் இக்கணினியில் இல்லை என்று அறியலாம்.

ஒரு வரியைப்பற்றித் தனியே எச்சரிக்கவேண்டும். பிழை நேர்ந்தால் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் செல்க என்று பொருள்படும் ‘ஆன் எர்ரர் ரெசூம் நெக்ஸ்ட்’ என்னும் கட்டளையைப் பழைய மேக்ரோக்களில் அடிக்கடி காணலாம். காய்ச்சலைக் காட்டும் கருவியை உடைத்துவிட்டு நோயில்லை என்பது போன்றது இது. பழுது தேடும்பொழுது முதலில் இவ்வரியைச் செயலற்றதாக்கவேண்டும். பின்னர் எஃப் 8 விசையை அழுத்தி வரிவரியாக ஓட்டிப் பார்த்தால், எங்கே வழுக்குகிறது என்பது புலப்படும்.

ஓடித் தவறும் மேக்ரோ

நிற்க. இதனினும் கொடியது, ஓடி முடித்துவிட்டு நல்லபிள்ளைபோல் நிற்கும் மேக்ரோவே. இங்கேதான் அதன் பழைய எண்ணத்தை ஆராயவேண்டும்.

எழுத்தின் வரிசை முதற் காரணம். பாமினியில் ‘என்’ என்னும் சிறிய எழுத்து ஒற்றைக் கொம்பு, ‘எஃப்’ ககரம், ‘எச்’ கால். தாளில் எழுதும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று தட்டினால் ‘கொ’ தோன்றும். யூனிகோடிலோ ககரம் முதலில் நிற்கும். அதன் பின்னரே ஒகரக்குறி வரும். எழுத்தெழுத்தாக மாற்றிக்கொண்டு போகும் மேக்ரோ கொம்பை முன்னே விட்டுவிடும். கொம்பு பற்றுக்கோடின்றிப் புள்ளிவட்டம் ஒன்றன்மேல் தொங்கும். இதைத் தவிர்க்க நீண்ட தொடரை முதலில் மாற்றவேண்டும்: கொ, கோ, கௌ என்பன முதலில், கெ, கே, கை என்பன அடுத்து, தனியெழுத்துகள் இறுதியில். இவ்வரிசை பிறழ்ந்தால், ககரத்தின் பின் எகரக்குறியும் காலும் தனித்தனியே நின்று, கண்ணுக்குக் ‘கொ’ போலத் தோன்றியும், தேடும்பொழுது அகப்படாத எழுத்து உண்டாகக்கூடும்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இரண்டாவது காரணம். பாமினியில் சிறிய ‘என்’ ஒற்றைக் கொம்பு. பெரிய ‘என்’ இரட்டைக் கொம்பு. வேர்டின் தேடும் கட்டளையில் ‘மேட்ச் கேஸ்’ என்பதைக் குறிப்பிடாவிடில், இரண்டும் ஒன்றாகிவிடும். கேட்டவர் கெட்டவராவார், கோடி கொடியாகும். நன்கொடைக் கணக்கில் இஃது என்ன பாடுபடுத்தும் என்று கூறவேண்டுவதில்லை. மேலும், தேடும் கட்டளை முன்பு குறித்த விருப்பங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. நேற்று வேறொன்றைத் தேடியபொழுது குறித்தது இன்று மேக்ரோவைக் கெடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு விருப்பத்தையும் மேக்ரோவிலேயே வெளிப்படையாக எழுதிவிடவேண்டும்.

எடிட்டரின் பார்வை மூன்றாவது காரணம். வேர்ட் யூனிகோடை நன்கறியும். ஆயினும் மேக்ரோ எழுதும் எடிட்டர் பொதுவாகத் தமிழை அறியாது. அங்கே ‘க’ என்று ஒட்டினால் கேள்விக்குறியே நிற்கும். மேக்ரோவும் கேள்விக்குறிகளையே கோப்பில் நிரப்பும். எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணை ‘சிஎச்ஆர்-டபிள்யூ’ என்னும் கட்டளையால் தரவேண்டும். ககரத்தின் எண் 2965. ஒகரக்குறியின் எண் 3018. ஓகாரக்குறியின் எண் 3019.

மேக்ரோ காணாத மூலைகள் நான்காவது காரணம். சாதாரணமாகத் தேடும் கட்டளை கோப்பின் நடுப்பகுதியை மட்டுமே காணும். தலைப்பகுதி, அடிக்குறிப்பு, உரைப்பெட்டி ஆகியவற்றுக்குள் அது நுழையாது. திருமண அழைப்பிதழ்களில் மணமக்கள் பெயர் பெரும்பாலும் உரைப்பெட்டியிலேயே இருக்கும்! ‘ஸ்டோரி ரேஞ்சஸ்’ என்னும் பகுதிகள் அனைத்தையும் மேக்ரோ சுற்றிவருமாறு எழுதவேண்டும். அதே கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்குமாதலின், பாமினி எழுத்துருவில் உள்ளதை மட்டும் மாற்றுக என்று எல்லை வகுக்கவேண்டும். இல்லையேல் ஆங்கில முகவரி பொருளற்ற தமிழாகிவிடும்.

நம் கன்னட அண்டைவீட்டாருக்கும் இத்தொல்லை புதிதன்று. நுடி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதிய கன்னடக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்பொழுது, எழுத்தின் பின்னே எழுதப்படும் அர்க்காவத்து என்னும் ரகரக் குறியை முன்னே கொண்டுவந்து வைக்கவேண்டும். நமக்குக் கொம்பு எப்படியோ, அவர்களுக்கு அர்க்காவத்து அப்படி. இவ்வகையில் அனுபவமுடைய கன்னட நண்பர் ஒருவர் அண்டையில் இருப்பாராயின், அவரிடம் கேட்பது நல்லது.

ஊர்ப்பெயருக்குள் ஒரு பிளவு

நம் ஊரின் பெயரே இத்தகைய சோதனைக்கு உட்பட்டது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ‘ஸ்ரீ’ என்பது ஒரே உருவம், ஒரே இடம். யூனிகோடில் அது நான்கு குறிகளின் கூட்டு. அக்கூட்டின் முதலெழுத்தாக முதலில் வழங்கியது 3000 என்னும் எண்ணுடைய ஸகரம். 2005-இல் வெளிவந்த யூனிகோட் 4.1 பதிப்பில், 2998 என்னும் எண்ணுடன் ஶகரம் சேர்க்கப்பட்டது. அதனைக் கொண்டும் ‘ஸ்ரீ’ எழுதலாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தோன்றும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒரு பாதியை ஒரு மேக்ரோவும், மறு பாதியை வேறொரு மாற்றியும் யூனிகோடாக்கின என்று கொள்வோம். ‘ஸ்ரீரங்கப்பட்டணம்’ என்று தேடினால் இவ்வூர்க் குடும்பங்களுள் ஒரு பகுதியே அகப்படும். ஸ்ரீதரன்களும் ஜெயஸ்ரீகளும் இரு குழுவாகப் பிரிவர். கௌரி என்னும் பெயருக்கும் இக்கதியே. பாமினியில் ஔகாரக்குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே விசையாதலின், மாற்றியபின் எகரக்குறியும் ளகரமுமாக நின்று, பார்வைக்குக் கௌரியாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும். சந்தா செலுத்தியவர் செலுத்தாதவராகக் கணக்கிடப்படுவார். விழாவுக்கு அழைக்கவேண்டியவருக்கு அழைப்புப் போகாது. ‘எங்களை மறந்துவிட்டீர்களே’ என்று அவர் மனம் நொந்தால், அதற்குக் காரணம் ஓர் எண் வேறுபாடு என்று யார் அறிவார்?

‘ஆஸ்க்-டபிள்யூ’ என்னும் கட்டளையைக் கொண்டு ஒரு சொல்லிலுள்ள குறிகளின் எண்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு வெளிப்படும். எந்த வடிவம் என்று சங்கத்தார் ஒருமுறை முடிவுசெய்து, பட்டியல் முழுவதையும் அவ்வடிவத்துக்குக் கொணரவேண்டும். ஔகாரம் வரும் பெயர்களைமட்டும் மேக்ரோவிடம் விடாது, மனிதர் ஒருவர் படித்துத் திருத்துவதே ஏற்றது. ‘கெள’ என்று உண்மையாகவே எழுதவேண்டிய இடத்தையும் ‘கௌ’ என்னும் இடத்தையும் பொருளறிந்தவரே பிரித்தறிவர்.

மூலத்தைக் காக்கும் முறை

மைசூர்ச் சீமையின் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸ் என்பார், ‘எபிகிராபியா கர்நாடிகா’ வரிசையின் மூன்றாம் தொகுதியை 1894-இல் வெளியிட்டார். ஸ்ரீரங்கப்பட்டண வட்டாரக் கல்வெட்டுகள் அதில் அடங்கியுள்ளன. மூலத்தின் பாடம், ரோமன் எழுத்துப் பெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு என்று மூன்றையும் அவர் அச்சிட்டார். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் பாடத்தைப் பார்க்கலாம். பாடத்தில் ஐயம் எழுந்தால் கல்லையே பார்க்கலாம். படியெடுத்தபின் கல்லை உடைத்தெறிவார் எவரும் இலர். நம் கோப்புகளுக்கும் இம்முறையே தகும்.

பழைய கோப்பின்மேல் மேக்ரோவை ஒருபொழுதும் ஓட்டலாகாது; படியெடுத்து அதன்மேலேயே ஓட்டவேண்டும். மூலக்கோப்பையும், அதற்குரிய எழுத்துருவையும், மேக்ரோவின் பழைய வடிவத்தையும் ஒரே உறையில் வைத்து இரண்டு மூன்று இடங்களில் சேமிக்கவேண்டும். அவ்வெழுத்துருவை ஒரு கணினியில் நிறுவி, மூலத்தைத் திறந்து, தமிழ் சரியாகத் தோன்றும் நிலையில் பி.டி.எஃப். படியாக எடுத்துக்கொள்ளவேண்டும். மாற்றிய கோப்பை ஒப்பிடுவதற்கு அதுவே சான்று.

பெரிய ஏட்டில் கைவைப்பதற்கு முன் ஒரு பக்கச் சோதனைத்தாள் வேண்டும். ககரத்தின் உயிர்மெய் வரிசை முழுவதும், கிரந்த எழுத்துகள், கோடியும் கொடியும், கௌரியும் ஸ்ரீதரனும், ஊர்ப்பெயர், ஓர் ஆங்கிலச் சொல், ஒரு தொலைபேசி எண், ஓர் உரைப்பெட்டி ஆகியவற்றை அதில் எழுதி மேக்ரோவை ஓட்டவேண்டும். இத்தாளில் தேறிய மேக்ரோவே ஏட்டைத் தொடத் தகுதியுடையது.

இறுதியாக ஒன்று. மாற்றிய கோப்பு சரிதானா என்பதை எந்த மேக்ரோவும் உறுதியாகக் கூறமுடியாது. பெரியப்பாவின் பெயர் கோவிந்தனா கொவிந்தனா என்பதைக் கணினி அறியாது, பாட்டி அறிவார். அந்நாளில் ஏட்டை எழுதியவர்களும் தட்டெழுதியவர்களும் சிலர் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அவர்கள் பி.டி.எஃப். படியை வாய்விட்டுப் படிக்க, பிள்ளைகள் மாற்றிய கோப்பைத் திரையில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடட்டும். ஏடு திருந்துவதோடு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் குடும்ப வரலாறும் ஒருங்கே பழகும். எழுத்துருவைப் பத்தாண்டு கழித்தும் தேடிப்பிடித்துவிடலாம். படித்துக்காட்டுவோரை அவ்வாறு தேட இயலாது. ஆதலால் இம்மாதத்திலேயே இப்பணியைத் தொடங்குமாறு ஒவ்வொரு குடும்பத்தாரையும் அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.